கோப்பை எங்க வீட்டில இருக்கு

மெய்யப்பா,

நலம். முழங்கால் தேவலையா? நாலு மாசமா எழுதலைன்னு நீ திட்டினது செல்லப்பன் வழியா வந்து சேர்ந்துச்சு. திட்டறதுக்கும் ஆள் வச்சிருக்கிற ஆளுப்பா நீ.

இப்ப எழுதவச்சது குதிரை. சிரிக்காதே, கிண்டிக்குப் போய்ச் செருப்பைத் தொலைச்சுட்டு வந்தவன் நானில்லை.

திருவிழாவுக்குக் குதிரை வண்டிப் பந்தயம். சிறிய குதிரைப் பிரிவுல பதினோரு வண்டி. கொடி அசைக்கிற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. கொடி இறங்குமுன்னே ஒரு வண்டி துள்ளிருச்சு. நிறுத்து நிறுத்துன்னு கத்தறேன், ரேடியோ செட்டுல பாட்டு அலறுது. நாலு வண்டி நின்னுச்சு, ஏழு வண்டி ரஸ்தாவைப் பார்த்துப் பறந்துருச்சு. போய்த் திரும்பி முதல்ல வந்தது நம்ம கருப்பையா பேரன். குதிரை வாயெல்லாம் நுரை. கோப்பையைத் தலைக்கு மேல தூக்கிட்டான். அப்புறம்தான் குழு கூடிப் பந்தயம் செல்லாதுன்னு முடிவு பண்ணுச்சு. மைக்கில அதைச் சொன்னது நான்.

நீ ஓயாம சொல்வியே, இங்கிலாந்துல நடக்கிற பெரிய குதிரைப் பந்தயம், 1993 கிராண்ட் நேஷனல் கதை, அன்னைக்கு ராத்திரி பூரா அதுதான் மண்டைக்குள்ள. 39 குதிரை நின்ன இடத்துல, கிளம்பற இடத்துல குறுக்கே கட்டின கயிறு, குதிரை ஓட்டற ஜாக்கி ஒருத்தன் கழுத்துல சிக்கி, திருப்பிக் கூப்பிடற கொடி விரியாம, 30 குதிரை ஓடிப்போச்சு. ஏழு கடைசிவரைக்கும் ஓடி முடிச்சுது. பந்தயமே செல்லாதுன்னுட்டதால, முதல்ல வந்த எஷா நெஸ்ங்கிற குதிரைக்கு ஜெயிச்சவங்க பட்டியல்ல இடமில்லை. ஜனங்க பந்தயம் கட்டின பணம் மட்டும் ஏழரைக் கோடிப் பவுண்டு திரும்பி வந்துச்சு.

காசுக்கு எல்லாரும் வழி வச்சிருக்கான் பார்த்தியா? அமெரிக்காவில ரெண்டு பந்தயம் சேர்த்துக் கட்டற டெய்லி டபுள்ல, ரெண்டாவது செல்லாமப் போனா முதல் பந்தயத்துல ஜெயிச்ச குதிரையைச் சொன்னவனுக்குப் பணத்தைப் பிரிச்சுக் குடுத்துடறான். நாங்களும் நுழைவுப் பணத்தை அன்னைக்கே திருப்பிட்டோம். மறுபடி ஓட்டலாம்னாங்க. ஓடி நுரை தள்ளுற குதிரையை, சும்மா நின்ன குதிரையோட எப்படி விடறது? ஓடி வந்த வரிசையையே வச்சுக்கலாம்னா, என் சொல்லைக் கேட்டு நின்ன நாலு பேரும் மடையனுங்களா? செல்லாதுன்னதுதான் சரி. இப்பவும் அதையேதான் சொல்வேன்.

ஆனா ராத்திரி அந்தப் பய வந்தான் மெய்யப்பா. முகப்புத் திண்ணையில கோப்பையை வச்சுட்டு, "ஐயா, உங்ககிட்டயே இருக்கட்டும்"னான். ரெண்டு வார்த்தை கெட்டதா பேசியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பேசாமப் போயிட்டான். இப்ப கடைவீதியில என்னைப் பார்த்தா சைக்கிளைத் திருப்பிடறான்.

வீட்டில விசாலாட்சி அதுல கருவேப்பிலை போட்டு வைக்கிறா. எடுன்னா, செல்லாத கோப்பைதானேங்கிறா.

பங்குனிக்குள்ள ஒருநடை வா. அவன் வீட்டுக்கு ரெண்டு பேருமாப் போவோம், தனியாப் போகக் கால் வரலை. செருப்பு பத்திரம்.

சொக்கலிங்கம்