பழுதான ரேமைச் சோதிக்காமல் திருப்பி அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்: புகைப்படக் கடை உரிமையாளர், சுங்கை சிப்புட், பேரா
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய டிடிஆர்4 ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) ஜோடியில் (8 ஜிபி இரண்டு) ஒன்று பழுது. உத்தரவாதத்தின் பேரில் அனுப்பினேன். "விண்டோஸ் நன்றாகத் திறக்கிறது, பழுதில்லை" என்று ஒரு சீட்டோடு அதே ரேம் திரும்பி வந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் அதே பிழை.

விண்டோஸ் திறந்துவிட்டால் ரேம் நல்லது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 8 ஜிபியில் ஏறக்குறைய 6,870 கோடி பிட் (0 அல்லது 1 வைக்கும் இடம்) இருக்கிறது. ஒன்று கெட்டிருந்தாலும் அந்த இடத்தில் போய் உட்காரும் கோப்பு கெடலாம். பிழையைத் தானே கண்டுபிடிக்கும் ஈசிசி வகை இல்லாததால் இந்த ரேம் பிழையைக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. என் கடையில் கெட்டது கல்யாணப் படங்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டும் படம். மாப்பிள்ளையின் கைக்குக் கீழே முழுக்கச் சாம்பல் பட்டை. நகலெடுக்கும்போதே கெட்டதால் இரண்டாவது வட்டில் இருப்பதும் அதே படம்தான். அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை யுஎஸ்பியிலிருந்து ஏற்றி நான்கு சுற்றும் ஓடவிட்டேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. ரேம் சூடேறிய பிறகு சிவப்பு வரிகள் வந்தன: 80808080 என்று எழுதியதை 80808082 என்று படிக்கிறது. ஒரே ஒரு பிட். இது ஹேமர் சோதனையில் (ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அணுகி, பக்கத்து பிட்கள் மாறுகின்றனவா என்று பார்க்கும் கடுமையான சோதனை) மட்டும் வரும் பிழை என்றால் நானும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். சாதாரணச் சோதனையிலேயே வருகிறது. ரேமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினேன், பிழையும் அதனுடனேயே வந்தது. ஜோடியில் உள்ள மற்றது அதே ஸ்லாட்டில் சுத்தமாக ஓடியது. ஆகவே மதர்போர்டைக் குறை சொல்ல வழியில்லை.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், "எக்ஸ்எம்பி போட்டதால் வந்திருக்கும்" என்றார். ரேமை அதற்குக் குறித்த அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பு அது. 3200, 1.35 வோல்ட் என்று ரேம் மேலேயே உங்கள் ஸ்டிக்கர் இருக்கிறது. அந்த வேகத்துக்குத்தானே காசு கொடுத்தேன்? இருந்தும் எக்ஸ்எம்பியை அணைத்து 2133-இலும் ஓட்டினேன். அங்கேயும் பிழை. சோதனைத் திரையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

என் கோரிக்கை இதுதான்: ஜோடியாகவே மாற்றித் தாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சில்லு வேறாகி, 3200-இல் சேர்ந்து ஓடாமல் போகலாம். அனுப்பும் முன் நான்கு சுற்றும் ஓட்டி, அறிக்கையையும் வையுங்கள். இரண்டு முறை கூரியர் செலவும் உங்களுடையது.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீலும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
புகைப்படக் கடை உரிமையாளர்