சின்ன சார்ஜர் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம். பயணத்துக்கு லேப்டாப் சார்ஜர் வாங்குகிறவர்கள் அளவை மட்டும் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் கைக்கு அடக்கமாக ஒன்று வாங்கி, காரில் செருகினால் சார்ஜ் ஏறவே இல்லை, அப்புறம் பார்த்தால் அது போனுக்கான 18 வாட். பழைய சார்ஜரில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்கினால் உங்களுக்கு வேண்டியது 65 வாட். காரின் 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி, அதாவது கருவிக்கு வேண்டிய வோல்ட்டைப் பேசி முடிவுசெய்து தரும் முறை) சார்ஜர் இருந்தால், கார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தேவையில்லை. விமானத்தில் பல இருக்கை பிளக்குகள் 75 வாட் அளவுக்குத்தான் தாங்கும், அதற்கு மேல் இழுத்தால் மின்சாரம் நின்றுவிடும், அதனால் 65 வாட் காலியம் நைட்ரைடு (GaN, சார்ஜரைச் சிறிதாக்க உதவும் குறைக்கடத்திப் பொருள்) சார்ஜரே என் தேர்வு. சரி, கேபிள்? 60 வாட்டைத் தாண்ட 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். இதையெல்லாம் தயாரிப்பாளர்கள் பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்