பாசையூர் அண்ணைக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், சரி. நன்றியாவது சொல்ல விடுங்கள், அண்ணை.

கடலால் வந்த களைப்போடேயே எங்கள் பெடியளின் உதைபந்தாட்டப் பயிற்சிக்காகப் பழைய வலையை வெட்டி இரண்டு கோல் கம்பங்களுக்கும் கட்டித் தந்தீர்கள். சின்னப் பெடியளுக்கு 5ஆம் இலக்கப் பந்து பெரிது என்று 4ஆம் இலக்கமும் வாங்கி வந்தீர்கள். (பாசையூராருக்கு உதைபந்தாட்டம் யார் சொல்லிக்கொடுப்பது!)

பயிற்சி முடிய மாற்கு நற்செய்தி வாசிப்போம். கூரையைப் பிரித்து, நடக்க முடியாத நண்பனை இயேசுவிடம் இறக்கிய நால்வரின் கதைதான் பெடியளுக்குப் பிடித்தது. சைவப் பிள்ளைகளும் வருகிறார்கள். வீட்டில் கேட்டு, விரும்பியவர் மட்டும் இருக்கட்டும் என்று முதலில் சொன்னதும் நீங்கள்தான். பெற்றோர் எங்களை நம்புவது அதனால்தான்.

சனிக்கிழமை யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்குக்கு மேட்ச் பார்க்கப் போகிறோம். வான் வண்டியில் உங்களுக்கும் இடம் வைத்திருக்கிறோம், கட்டாயம் வாங்கோ.