கடைசி ஓவர் வீசிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன்னால்தான் தோற்றோம் என்று பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. ஸ்கோர் மேசை எல்லைக்கோட்டை ஒட்டி, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் யார் என்ன முணுமுணுத்தாலும் எனக்குக் கேட்கும். பேசியவர்களில் ஒருவர் பெரியவர். அதனால்தான் உனக்குத் தனியாகச் சொல்லாமல், அவரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைசிப் பந்தைப் பற்றிப் பேசிவிடலாம். அது மோசமான பந்து. லெக் ஸ்டம்புக்கு நேராக, தரையில் குத்தாமல் தொடை உயரத்தில் வந்த ஃபுல் டாஸ். மட்டை பிடிக்கத் தெரிந்த யாரும் அதை மிட்விக்கெட் பக்கம் அனுப்பியிருப்பார்கள். 'நல்ல பந்துதான், அவனுக்கு அதிர்ஷ்டம்' என்று உன்னிடம் சொல்பவர்களை நம்பாதே. மட்டைக்காரனின் காலடியில் குத்தும் யார்க்கர் போட நினைத்தாய், அளவு தவறிவிட்டது. நினைத்ததில் பிழையில்லை. அதே ஓவரின் மூன்றாவது பந்தில் அளவு சரியாக அமைந்து, எதிரே நின்றவன் மட்டையை இறக்குவதற்கே திண்டாடினான்.

ஸ்கோர் புத்தகத்தில் உன் கடைசி ஓவர் இப்படி இருக்கிறது (புள்ளி என்றால் ரன் இல்லை): புள்ளி, 1, வைடுக்குரிய கூட்டல் குறி, புள்ளி, விக்கெட், 1, 4. அவர்களுக்குத் தேவைப்பட்டது 7 ரன், கையில் 2 விக்கெட். கடைசிப் பந்தில் 1 விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். 131-க்கு 132. மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் இது நினைவிருக்கிறது. மற்ற 19 ஓவர்கள் எனக்கும் எதிரணி ஸ்கோரருக்கும் மட்டுமே நினைவிருக்கின்றன. எங்களுக்கும் நினைவில் இல்லை, எழுதி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எழுதி வைத்ததைச் சொல்கிறேன். அவர்கள் இன்னிங்ஸில் உதிரிகள், அதாவது மட்டையால் அடிக்காமலே கிடைத்த ரன்கள், மொத்தம் 23. அதில் வைடு 13, நோபால் 2, பை 5, லெக்பை 3. பதின்மூன்று வைடுகளில் உன்னுடையது ஒன்றே ஒன்று. வைடு என்றால் ஒரு ரன் போனது என்று மட்டும்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தப் பந்தை மறுபடி வீச வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 13 வைடும் 2 நோபாலும் சேர்ந்து அவர்களுக்கு 15 பந்துகளைக் கூடுதலாகத் தந்தன. நாம் 20 ஓவர் ஆடினோம், அவர்கள் இரண்டரை ஓவர் அதிகம் ஆடினார்கள். இதை ஆட்டத்துக்குப் பிந்தைய கூட்டத்தில் யாராவது சொன்னார்களா? நான் மேசையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

நம் இன்னிங்ஸின் பக்கத்தைத் திருப்பினால், 17 ஓவர் முடிவில் 5 விக்கெட்டுக்கு 120. கடைசி மூன்று ஓவரில் வந்தது 11 ரன். அங்கே ஒரு பந்துவீச்சாளரும் தலை குனிந்து நிற்கவில்லை, ஆகையால் அது யாருடைய தவறாகவும் ஆகவில்லை. அதற்கும் முன்னால், 12-ஆவது ஓவரில், நடுவர் கையை மடக்கி விரல் நுனியால் தோளைத் தொட்டுக் காட்டினார். ஷார்ட் ரன். நம் பேட்ஸ்மேன் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும் அவசரத்தில் மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றவில்லை. நான் கையுயர்த்திச் சைகையை ஏற்றுக்கொண்டு இரண்டுக்குப் பதில் ஒன்று என்று எழுதினேன். கைதட்டிக்கொண்டிருந்த நம்மவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு ரன் இருந்திருந்தால் 132-க்கு 132.

இந்த மாதிரிக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு என்பது எனக்கும் தெரியும். ஒரு ரன் மாறியிருந்தால் கடைசிப் பந்தில் அவர்களுக்கு 5 தேவைப்பட்டிருக்கும், அவன் வேறு விதமாக மட்டையை வீசியிருப்பான், நீயும் வேறு பந்து போட்டிருப்பாய். ஒன்றை மாற்றினால் அதற்குப் பின் நடந்த எதுவும் அப்படியே இருக்காது. ஆனால் உன்மேல் பழி போடுகிறவர்களும் இதே ஓட்டைக் கணக்கைத்தானே போடுகிறார்கள்? கடைசிப் பந்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பின் எதுவும் நடக்கவில்லை.

புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தவறவிட்ட கேட்சுக்கு ஸ்கோர் புத்தகத்தில் குறியீடு கிடையாது. வைடுக்குக் கூட்டல் குறி உண்டு, பைக்கு முக்கோணம் உண்டு, லெக்பைக்குத் தலைகீழ் முக்கோணம் உண்டு. கைக்கு வந்த பந்து கீழே விழுந்தால் வெறும் புள்ளி. பேட்ஸ்மேன் பந்தைத் தடுத்து ஆடினாலும் அதே புள்ளிதான். கடைசியில் உன்னை அடித்த பையன் 8 ரன்னில் இருந்தபோது விழுந்த அப்படியொரு புள்ளி என் புத்தகத்தில் இருக்கிறது. அவன் எடுத்தது 41. யார் விட்டார் என்று எழுதமாட்டேன். உன் தலையில் இருப்பதை இறக்கி இன்னொரு பையன் தலையில் ஏற்றுவதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அந்தக் கடைசிப் பந்துக்கு நின்ற ஃபீல்டைப் பார்த்துத்தான். நான்கு ரன் தேவை, ஒரு பந்து பாக்கி. ஒன்றோ இரண்டோ ஓடினால் வெற்றி நமக்கு. மூன்று ஓடினால்கூட சமன். பவுண்டரியைத் தவிர வேறு எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. உள்வட்டத்துக்கு வெளியே ஐந்து பேர் நிற்கலாம் என்பது அன்றைய விதி. நம்மவர்கள் நின்றது மூன்று பேர். மிட்விக்கெட்டில் இருந்தவன் சிங்கிளைத் தடுக்க முன்னால் வந்து நின்றான்! எந்த சிங்கிளை? அவர்களை அந்த சிங்கிளை ஓடவிட்டிருந்தால் நாம் இப்போது கோப்பையோடு படம் எடுத்திருப்போம். பந்து அவன் தலைக்குமேல் போய் ஒருமுறை குதித்து எல்லையைத் தாண்டியது. அவன் பின்னால் நின்றிருந்தால் அது அனேகமாக நேராகக் கைக்குப் போயிருக்கும். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து 'முன்னே வா, முன்னே வா' என்று கத்தியது நான் மேலே சொன்ன அந்தப் பெரியவர்தான்.

இதில் உன் பங்கும் உண்டு, அதையும் கேட்டுக்கொள். ஓடிவரும் முன் நீ ஃபீல்டைப் பார்க்கவில்லை. பந்து வீசுகிறவன் தனக்கு என்ன ஃபீல்ட் வேண்டும் என்று கேப்டனைக் கேட்கலாம். நின்று, எண்ணிப் பார்த்து, 'இவனைப் பின்னால் அனுப்பு' என்று சொல்லலாம். வயதில் சிறியவன் என்பதால் வாய் திறக்காமல் இருந்துவிடாதே. அடுத்த ஆட்டத்தில் நீ செய்ய வேண்டிய ஒரே திருத்தம் இதுதான் என்று நினைக்கிறேன். யார்க்கர் அளவு பயிற்சியில் தானாக வரும்.

உன் நிலையில் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1986 ஏப்ரல், ஷார்ஜாவில் ஆஸ்திரல்-ஆசிய கோப்பை இறுதி ஆட்டம். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு 4 ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். இந்தியாவின் சேத்தன் சர்மா யார்க்கர் போட நினைத்தார், அது ஃபுல் டாஸாகப் போனது, ஜாவேத் மியான்தத் சிக்ஸர் அடித்தார். சர்மாவுக்கு அப்போது 20 வயது. அந்த ஆட்டத்தில் 3 விக்கெட் எடுத்தவரும் அவர்தான் என்பதை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறாய்? சில மாதங்களில் இங்கிலாந்து போய் லார்ட்ஸ் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட், பர்மிங்காம் டெஸ்டில் 10 விக்கெட் எடுத்தார். மறு ஆண்டு, உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கும் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) அவருடையதே. இருந்தும் அவர் பெயரைச் சொன்னதும் ஷார்ஜாவைத்தான் முதலில் இழுப்பார்கள். 1999 உலகக் கோப்பை அரையிறுதியின் கடைசியில் தென்னாப்பிரிக்கப் பந்துவீச்சாளர் ஆலன் டொனால்ட் ரன் அவுட் ஆனதை எல்லோரும் சொல்வார்கள். அதே நாளில் அவர் ஆஸ்திரேலியாவின் 4 விக்கெட்டுகளைச் சாய்த்திருந்தார். அதைச் சொல்வதற்கு ஸ்கோர் அட்டையை எடுத்துப் பார்க்கிறவர்கள் வேண்டும்.

உன் கணக்கு: 4 ஓவர், மெய்டன் (ரன்னே தராத ஓவர்) இல்லை, 20 ரன், 3 விக்கெட். நம் அணியில் அன்று இதைவிடச் சிறப்பாக வீசியவர் இல்லை. பயிற்சிக்கு வரும்போது புத்தகத்தைக் காட்டுகிறேன், நீயே பார்.

கூடவே ஒரு சந்தேகம், நேரில் கேட்கும் வரை பொறுக்க முடியவில்லை. அந்த ஓவரின் நான்காவது பந்து, நடு ஸ்டம்பைப் பறக்கவிட்டதே, அதை எப்படி வீசினாய்? மேசையிலிருந்து பார்த்தபோது ஓட்டத்திலோ கை சுழன்ற வேகத்திலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் பந்து வந்து சேரும் முன்பே அவன் மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டான். விரல்களை மாற்றிப் பிடித்தாயா, உள்ளங்கையில் ஆழமாக வைத்தாயா? வரும்போது ஒரு பழைய பந்தும் கொண்டு வா, பிடித்துக் காட்டு.

அன்புடன்,
உன் அணியின் ஸ்கோரர்