மும்பை மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு மகளின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். செம்பூரில் என்னுடன் வசிக்கும் என் தாயாருக்கு அல்சைமர் நோய் கண்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு, இந்நகர மருத்துவமனை ஒன்றில், அவரைப் புதிய மருந்தொன்றின் ஆய்வில் சேர்த்துக்கொள்ள என்னிடம் சம்மதம் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை; கேட்ட விதத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் கொடுத்தது ஆங்கிலப் படிவம். வற்புறுத்திய பிறகு வந்த தமிழ்ப் படிவத்தில், ஆய்வில் பங்கேற்பவரைக் குறிக்கும் ‘சப்ஜெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததில், என் தாயார் ‘ஆய்வுப் பாடம்’ ஆகியிருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குப் போடும், மருந்து கலவாத வெற்று ஊசியைப் ‘போலி மருந்து’ என்று எழுதியிருந்தார்கள். வாசித்துக் காட்டியபோது, “எனக்குப் போலி மருந்தையா குத்தப் போறாங்க?” என்று கேட்டார் அம்மா. அன்று என் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. கேள்வி தெளிவாகத்தான் இருந்தது.

எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களைப் புதிய மூலக்கூறு மருந்தின் ஆய்வில் சேர்க்கும்போது, ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருந்தாய்வு விதிகள். பதிவு செய்தார்கள். படம் முழுக்க நான்தான் இருக்கிறேன். அம்மாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அவருக்காகக் கையெழுத்திட விதிகள் எனக்கு இடம் தருகின்றன என்பதால், அவரைக் கேட்கவே வேண்டாம் என்றாகிவிடாது.

என் கையெழுத்தையும் அவ்வளவாக நம்பாதீர்கள். மாதக்கணக்கில் இரவில் தூங்காதவளிடம் ‘புதிய மருந்து’ என்றால் அவள் பேனாவைத்தான் தேடுவாள். அமெரிக்காவில் 2023இல் முழு ஒப்புதல் பெற்ற அல்சைமர் மருந்தான லெகனிமாப், 18 மாத ஆய்வின் முடிவில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், வெற்று மருந்து பெற்றவர்களோடு ஒப்பிடக் காட்டிய வித்தியாசம் 0.45 புள்ளி, இழந்த நினைவை அது மீட்பதில்லை, சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் ஏற்படுகின்றன. இந்த வகை மருந்துகளின் ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்கும்முன் இவ்வளவையும் சொல்லி, படிவத்தை ஒரு வாரமாவது வீட்டில் வைத்துப் படிக்க விட வேண்டும்.

இரண்டாம் முறை ஊசி ஏற்ற வந்தபோது அம்மா கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். “நீங்கள்தான் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே” என்றார் ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் என்னிடம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் இருந்த வரியைக் காட்டி அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நோயாளி அப்படிக் கையை இழுத்துக்கொள்வதையும் மறுப்பாகவே பதிந்துகொள்ள, ஒவ்வொரு வருகைக் குறிப்பிலும் ஓர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து ஒரு மகள்