செங்கற்களில் விமானம் பழக்கிய ஐயாவுக்கு நன்றி

என் நாவலின் நாயகி உசிலம்பட்டியில் பிறந்து விமானியாகிறவள். அவள் விமானம் ஓட்டும் அத்தியாயத்தை மூன்று முறை எழுதியும் எனக்கே அதில் நம்பிக்கை வராதிருந்த வேளையில், பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்ட ஓய்வு பெற்ற பயிற்றுநர் ஒருவர், திருநகரில் உள்ள தம் வீட்டுக்கு என்னை அழைத்தார்.

கைப்பிரதியில் அவர் முதலில் கோடிட்டது, ‘ஸ்டால்’ ஆனதும் என்ஜின் நின்றுபோனதாக நான் எழுதியிருந்த வரியை. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும் என்றும், என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்குவிசை சரிந்துவிடும், அதுவே ஸ்டால் என்றும், தம் உள்ளங்கையையே இறக்கையாகச் சாய்த்து விளக்கினார். பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, காலடியில் இரண்டு செங்கற்களை, தரையில் விமானத்தைத் திருப்பும் பெடல்களாக வைத்துப் பழக்கினார்.

வெளியூர்ப் பயிற்சித் தளம் ஒன்றில், செஸ்னா 172 விமானத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்ததும் அவரால்தான். ஓடுபாதைக்குச் செல்லும் வழியில், கார் ஓட்டும் பழக்கத்தில் நான் கையிலிருந்த யோக்கை, அதாவது ஸ்டீயரிங் போன்ற கைப்பிடியைத் திருப்ப, விமானம் அதைச் சட்டை செய்யாமல் புல்தரையை நோக்கி ஒதுங்கியது. செங்கல் நினைவுக்கு வந்து வலது காலை அழுத்திய பிறகே அது நடுக்கோட்டுக்குத் திரும்பியது. (பக்கத்து இருக்கைப் பயிற்றுநரின் காலும் அழுத்தியிருக்கும் என்பது என் சந்தேகம்.) வேகம் 55 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டரை எட்டியபோது மூக்கை மெல்ல உயர்த்தினோம்.

ஐயா, அத்தியாயத்தை நான்காம் முறை எழுதி அனுப்பியிருக்கிறேன். தவறிருந்தால் தயங்காமல் கோடிடுங்கள். மிக்க நன்றி.