எண் எங்கே, அண்ணாச்சி?

ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உள்பக்கத்தில் 'ஐன்ஸ்டீன் சொன்னது தவறு, நம்ம ஊர்க்காரர் நிரூபித்தார்' என்று கால் பக்கத்துக்குச் செய்தி போட்டிருந்தீர்கள். படம் இருந்தது, பொன்னாடை இருந்தது, போர்த்தியவர்கள் பெயர் வரிசையாக இருந்தது. அந்த மனிதர் கண்டுபிடித்தது என்ன என்று மட்டும் இரண்டு தடவை படித்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். 'பிசிக்ஸ் வாத்தியார் வீடு எது' என்று விசாரித்துக்கொண்டு இந்த மாதிரி ஆட்கள் நேராக என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். ஈர்ப்பு என்று ஒன்று கிடையாது, வெளியெல்லாம் நிரம்பியிருப்பதாக ஒரு காலத்தில் நினைத்த ஈதர்தான் மேலேயிருந்து அமுக்குகிறது என்பார் ஒருவர். காந்தத்தை வட்டமாக அடுக்கினால் கரண்ட் இல்லாமலே மோட்டார் ஓடும், கம்பெனிக்காரன் மறைத்துவிட்டான் என்பார் இன்னொருவர். எல்லாரும் தவறாமல் மூன்று பேரைச் சாட்சிக்கு அழைப்பார்கள்: பேட்டண்ட் ஆபீசில் இருந்த ஐன்ஸ்டீன், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், நிதித்துறையில் கணக்குப் பார்த்த சி.வி.ராமன்.

மூன்றுமே உண்மைதான். ராமன் 1907-லிருந்து பத்து வருஷம் சர்க்கார் உத்தியோகஸ்தர். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வந்தது போக, கல்கத்தாவில் இருந்த நாளெல்லாம் ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் பௌ பஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கக் கட்டடத்தில் போய்ச் சோதனை செய்துகொண்டிருந்தார். அதனால் 'நீ என்ன படித்தாய்' என்று யாரையும் வாசலிலேயே மடக்க எனக்கு மனசு வராது. ஆனால் ராமானுஜன் 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள் இருந்தன, ஹார்டி உட்கார்ந்து சரிபார்க்க முடிந்தது. புதன் கிரகத்தின் பாதை நூறு வருஷத்துக்கு 43 கோண விநாடி (ஒரு கோண விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) அதிகமாக நகர்கிறது, நியூட்டன் கணக்கில் அது வரவில்லை என்று வானியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, 1915-ல் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டில் அந்த 43 தானாக வந்து விழுந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளையும் என்பதற்கும் 1.75 கோண விநாடி என்று எண்ணாகவே சொன்னார். 1919 சூரிய கிரகணத்தில் அளந்து பார்த்தார்கள், ஒத்துப்போனது. இன்றைக்கு உங்கள் நிருபரின் போனில் இருக்கிற ஜி.பி.எஸ். கூட, மேலே செயற்கைக்கோளில் இருக்கிற கடிகாரம் ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும் என்று ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாடு சொல்வதைக் கழித்துக்கொண்டுதான் வழி காட்டுகிறது. ஐன்ஸ்டீன் தப்பு என்கிறவர் இந்த 43-ஐயும் 38-ஐயும் வேறு வழியில் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் யாரும் காட்டுவதில்லை.

2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர், நியூட்டன், ஐன்ஸ்டீன் இருவருமே தப்பு, ஈர்ப்பலைக்குப் பிரதமர் பெயரை வைக்க வேண்டும் என்று பேசியது நினைவிருக்கும். பத்திரிகைகள் நாலு நாள் அதை வைத்து ஓட்டின. இப்படிச் சிரிப்பீர்கள், இல்லாவிட்டால் பொன்னாடைப் படம் போடுவீர்கள். நடுவில் ஒரு வேலை இருக்கிறது.

என் திண்ணைக்கு வந்தவர்களில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் உண்டு. அவர் கோட்பாடு 140 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், மூன்று கலர் பென்சிலில் படம். சுழல் சுழலாக அழகாகத்தான் வரைந்திருந்தார். "எண் எங்கே அண்ணாச்சி?" என்றேன். "ஐடியா நம்மளோடது சார், கணக்கை யாராவது படிச்ச பிள்ளைங்க போட்டுக்கிடட்டும்" என்றார். சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று, ஈர்ப்பை முதலில் உங்கள் கையால் அளந்துவிட்டு வாருங்கள், அப்புறம் இல்லை என்று சொல்லலாம் என்று ஊசலின் நீளத்தையும் அது ஆடும் நேரத்தையும் வைத்துப் போடும் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஆள் திரும்ப வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரத்தில் வந்தார். கொத்தனாரிடம் பித்தளைத் தூக்குக்குண்டு வாங்கி, கடை உத்தரத்தில் சரியாக ஒரு மீட்டருக்குத் தொங்கவிட்டு, நூறு ஆட்டத்துக்கு 200.6 விநாடி என்று பல தடவை எடுத்திருக்கிறார். கணக்குப் போட்டால் ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி கூடும் அளவு, 9.81 வந்தது. "புஸ்தகத்துல உள்ளதே வந்துட்டு சார்" என்று முகமெல்லாம் சிரிப்பு. அங்கேதான் நான் கொஞ்சம் குசும்பு செய்தேன். புத்தகத்தில் இருப்பது பொதுவான எண், பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நமக்கு 9.78-தான் வர வேண்டும், உங்களுக்கு 0.03 கூடுதல் என்றேன். சிரிப்பு போய்விட்டது. இரண்டு நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினார். தூக்குக்குண்டு கூம்பு மாதிரி, மேலே அகலம், கீழே ஊசி. அவர் குண்டின் உயரத்தில் சரிபாதி வரைக்கும் அளந்திருக்கிறார். ஊசலின் நீளத்தை எடையின் மையம் வரைக்கும்தான் அளக்க வேண்டும், அது பாதிக்கு மேலே இருக்கும் அல்லவா? குண்டைக் கத்தி முனையில் படுக்க வைத்து எடை சமமாக நிற்கும் இடத்தைப் பார்த்திருக்கிறார், 3 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு மீட்டரில் அதைக் கழித்துப் போட்டால் 9.78. என் மாணவர்களில் எத்தனை பேர் இதைத் தாமாகக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை இப்படி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தால் நிருபர் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரே கேள்வி கேட்கட்டும்: உங்கள் கோட்பாட்டில் என்ன எண் வருகிறது, அதை எதை வைத்து அளக்கலாம்? பதில் இருந்தால் முதல் பக்கத்திலேயே போடுங்கள், நான் முதல் ஆளாகப் படிக்கிறேன். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிற கல்லூரி இயற்பியல் துறைக்கு ஒரு போன் போட்டுவிட்டு எழுதுங்கள்.

அண்ணாச்சி இன்னும் ஐன்ஸ்டீனை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதன் கிரகத்தின் 43-ஐ எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார். அதற்கு முதலில் வகைநுண்கணிதம் வேண்டும் என்றேன், பேரனின் பிளஸ் டூ புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருநெல்வேலி.